பிறைக்குப் போன கணக்கு

எந்தக் கறி நன்றாக ஓடுகிறது என்று ஹபீப் முகம்மது யாரையும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டால் மனுஷன் மரியாதைக்குப் பொய் சொல்வான். அக்கரையில் பிறை என்ற ஊரில் இருக்கும் தொழிற்சாலை கேன்டீனுக்கு வாரம் ஒரு முறை போவார். மேசைப் பக்கம் திரும்பவே மாட்டார். நேராகப் பின்கட்டுக்குப் போய் எச்சில் வாளியின் மூடியைத் தூக்குவார். மீன் துண்டு முழுசாகக் கிடந்தால் மீனில் கோளாறு. சோறு கட்டிகட்டியாகக் கிடந்தால் குழம்பு பத்தவில்லை. வாங்குகிறவன் எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு, தின்று முடித்தவன் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. முப்பத்தொரு வருஷமாக அவர் நம்பி வந்தது இரண்டாவது கணக்கை.

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் கம்போங் கொலாம் பக்கத்துச் சந்து ஒன்றில் அவருடைய சமையல் கூடம். பதினாலு பேர் வேலை செய்கிறார்கள். தினமும் அறுநூறு பொட்டலத்துக்கு மேல் கட்டி, பதினோரு மணிக்கு முன்னால் லாரியில் ஏற்றி, பாலம் தாண்டிப் பிறைக்கு அனுப்ப வேண்டும். பொட்டலத்தில் எழுத நேரம் கிடையாது. சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டால் கோழி, பச்சை ரப்பர் போட்டால் மீன், மஞ்சள் என்றால் முட்டை. பொட்டலம் கட்டும் சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு நிமிஷத்துக்கு ஆறு கட்டுவாள். ரப்பர் தீர்ந்துபோனால் மட்டும் அவள் வாய் தாங்காது.

மே மாதம் தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகள் மர்ஜானா வாசித்தாள். ஜூலை முதல் தேதியிலிருந்து தொழிலாளர்கள் தங்கள் போனிலேயே சாப்பாடு சொல்லுவார்கள், அதற்குச் சாப்பாடு தருகிறவர் சொந்தமாக ஓர் இணையப் பக்கம் வைத்திருக்க வேண்டும், காலை எட்டு மணிக்குள் எல்லா ஆர்டரும் சமையல் கூடத்துக்கு வந்து சேர வேண்டும். கடைசி வரியை மர்ஜானா மெதுவாக வாசித்தாள். இன்னொரு தடவை ஆர்டர் தவறினால் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது.

அந்த 'இன்னொரு தடவை'க்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் கெட்டிக்காரன் ஒருவன் வந்து ஒரு சிஸ்டம் செய்து கொடுத்தான். எதன் மேல் செய்தான் என்றால், அவர் வாயில் நுழையாத பேர் ஒன்று. அருமையாகத்தான் ஓடியது. பிறகு அவன் நியூசிலாந்துக்கு வேலை கிடைத்துப் போய்விட்டான். ஒரு திங்கட்கிழமை காலை அது திறக்கவில்லை. மர்ஜானா ஏழு பேரைக் கூப்பிட்டாள். ஏழு பேரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள்: "இதுல நான் வேலையே செஞ்சதில்ல லா." அன்று குத்துமதிப்பாகச் சமைத்து அனுப்பினார்கள். இருநூறு மீன் பொட்டலம் திரும்பி வந்தது. நூற்றைம்பது பேர் பசியோடு இயந்திரத்தின் முன்னால் நின்றார்கள். அன்றைக்கு வாளியைத் திறந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இந்தத் தடவ கெட்டிக்காரன் வேணாம்," என்றார் மகளிடம். "நாளைக்கு அவன் செத்துப் போனாலும் ஓடுற சாமானா வேணும்."

"வாப்பா! வர்றவங்க முன்னால இப்படியெல்லாம் பேசாதீங்க."

"நான் பேசுவேன்."

இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவன் ஷாருல். சட்டை, காலணி, வாசனை எல்லாம் எடுப்பாக இருந்தது. லாராவெல் என்ற ஒன்றின் மேல் கட்டுவதாகச் சொன்னான். வண்டிக்கு எஞ்சின் மாதிரி, சிஸ்டத்துக்கு அடியில் இருப்பது அது என்று மர்ஜானா விளக்கினாள். ஷாருல் கணினியைத் திருப்பி ஒரு படம் காட்டினான். பல நிறத்தில் கம்பங்கள் நின்றன. உயரமான கம்பம் லாராவெல்.

"பாருங்க மாமா, எத்தன வெப்சைட் இதுல ஓடுது. நம்பர் ஒன்."

"இந்தக் கம்பத்த நட்டது யாரு?"

"எங்க கம்பெனி ரிப்போர்ட் மாமா."

"சரி. இதுல கெட்டது என்ன?"

ஷாருல் சிரித்தான். "கெட்டதுனு ஒண்ணும் இல்ல மாமா."

ஹபீப் முகம்மது அந்தப் பதிலை மனசுக்குள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் கெலுகோரிலிருந்து ரஜிதா வந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மலாயாவிலேயே மூணு தலைமுறை. பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, இப்போது கடைகளுக்கு சிஸ்டம் செய்து தருகிறவள். அவளுடையது ஜாங்கோ. அவளும் ஒரு படம் வைத்திருந்தாள். அதில் கோடுகள். மேலே ஏறிப் போன கோடு ஜாங்கோ.

"இது சைட் எண்ணிக்கை இல்ல அங்கிள். இதுல வேலை செய்றவங்ககிட்ட, மறுபடியும் இதுலயே செய்வீங்களானு கேட்டது."

"நேத்து ஒருத்தன் வேற படம் காட்டினான். அதுல அவன்தான் ஒசரம்."

"ஓம், அதுவும் பொய்யில்ல. எத எண்ணுறோமோ அதுக்குத் தக்கன படம் மாறும்."

"உன்னோடதுல கெட்டது என்ன?"

அவள் யோசிக்கவே இல்லை. "கேட்டதெல்லாம் நான் சீக்கிரம் செஞ்சு தந்துருவேன். ஆனா சின்னக் கடைங்க வைக்கிற விலைகுறைஞ்ச சர்வர்ல இதப் போட்டுப் பராமரிக்க ஆள் கம்மி. அது கெட்டதுதான்."

அந்த நிமிஷமே அவருக்கு அவளைப் பிடித்துவிட்டது. தன் சாமானின் குறையைத் தானே சொல்கிற வியாபாரியை எண்ண ஒரு கை விரல் போதும். வேலையை அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று மனசு துடித்தது. ஆனால் நியூசிலாந்துக்காரனையும் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதனால் மனசை உட்கார வைத்துவிட்டு, "ரெண்டு வாரம் குடு," என்றார்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு படத்திலும் அவரவர்தான் உயரம். பொய்யாக இருந்தால் முகத்தைப் பார்த்துப் பிடித்துவிடலாம். பொய்யே இல்லாத இரண்டு படத்தை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வது? படம் வரைந்தவன் எண்ணியது போதும், நானே எண்ணுகிறேன் என்று கிளம்பினார்.

எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மூணாம் வகுப்போடு நின்ற கை. மணிக்கட்டில் ரப்பர் மாட்டிக்கொள்வார். இணையத்தில் ஆர்டர் வாங்குகிற கடையாகத் தேடிப் போனார். பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஜவுளிக்கடை, கேக் செய்கிற பெண், பிறையில் டயர் கடை, சிம்பாங் அம்பாட்டில் ஆணி, திருகாணி விற்கிற பெரிய ஸ்டோர். எல்லாரிடமும் ஒரே கேள்வி: "உங்க சிஸ்டம் எது மேல ஓடுது?" பாதிப்பேருக்குத் தெரியாது. யாருக்காவது போன் போட்டுக் கேட்டுச் சொன்னார்கள். லாராவெல் என்றால் சிவப்பு, ஜாங்கோ என்றால் பச்சை, வேறு எதுவானாலும் மஞ்சள். பத்து நாளில் இருபது கடை முடிந்தது. முழங்கை வரைக்கும் ரப்பர் ஏறிவிட்டது. டயர் கடைக்காரர் கேட்டே விட்டார்: "என்ன பாய், கைக்கு வைத்தியமா?"

"ஆமா. ஏமாறாம இருக்க."

இருபதாவது கடை முடித்துச் சமையல் கூடத்துக்கு வந்தபோது லுஹர் தொழுகை நேரம் நெருங்கியிருந்தது. அன்று தொழிற்சாலையில் இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து ஏதோ விருந்து. சாயங்காலத்துக்கென்று இன்னொரு நானூறு பொட்டலம் மேசையில் கிடந்தது. தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு செய்ய வேண்டும். கையில் தண்ணீர் படாத இடம் இருக்கக் கூடாது என்று ரப்பர் அத்தனையையும் கழற்றினார். பொட்டலம் கட்டும் மேசையின் ஓரத்தில் வைத்தார். ஒளு செய்து தொழுகைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"சின்னம்மா. இங்க வச்சிருந்த ரப்பர் எங்க?"

"கட்டிட்டேனே மொதலாளி. ரப்பர் தீந்துபோச்சு, ஆள அனுப்புங்கனு காலைலேர்ந்து கத்துறேன், யாரு கேட்டா? நல்ல வேள, நீங்களே கொண்டாந்து வச்சீங்க."

"எத்தன சிவப்பு இருந்துச்சு?"

"அதப் போயி யாரு எண்ணுவா!"

"லாரி?"

"பாலம் தாண்டியிருக்கும்."

பத்து நாள் அலைச்சல் பொட்டலத்தின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பிறைக்குப் போய்விட்டது. இன்னேரம் எவனாவது கழற்றிச் சுண்டிவிட்டு விளையாடிக்கொண்டிருப்பான். மர்ஜானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சிவப்புதான் கூட இருந்துச்சு வாப்பா, நான் பாத்தேன். ஒம்போது பத்து இருக்கும். அது போதாதா?" என்றாள்.

"இருக்கும்னா? நான் பாத்தேன்னா? நெனப்புல இருக்கறது கணக்கில்ல."

"மறுபடியும் இருவது கடையா? வயசு எழுவத்தொண்ணு உங்களுக்கு."

"கடைங்க நடந்து போயிடல. அங்கதான் இருக்கும்."

மறுநாளே கிளம்பினார். ஆனால் அதே கடையில் அதே கேள்வியைப் போய் எப்படிக் கேட்பது? கிழவனுக்குப் புத்தி தவறிவிட்டது என்பார்கள். முதல் கடையின் வாசலில் நின்று யோசித்துவிட்டு, கேள்வியை மாற்றிப் போட்டார்: "இது மக்கர் பண்ணினா யாரக் கூப்பிடுவீங்க?"

இந்தக் கேள்விக்குப் பேர் சொன்னார்கள். போன் நம்பரும் கொடுத்தார்கள். வெளியே வந்து மர்ஜானாவைக் கூப்பிட்டு நம்பரை எழுதச் சொன்னார். இந்தத் தடவை கடைக்கு ஒரு ரப்பர் கிடையாது, ஆளுக்கு ஒரு ரப்பர். ஏற்கெனவே எண்ணிய ஆளின் பேர் மறுபடி வந்தால் ரப்பர் கிடையாது.

எட்டு நாளில் மறுபடி முடிந்தது. வேறு எதன் மேலோ ஓடிய ஐந்து கடைக்கு இந்தத் தடவை ரப்பர் மாட்டவில்லை. லாராவெல் கடை ஒன்பது. அந்த ஒன்பதுக்கும் ஏழு வெவ்வேறு பேர் வந்தன. ஒருத்தன் சிம்பாங் அம்பாட்டில், ஒருத்தி பிறையில், இரண்டு பேர் இந்தக் கரையிலேயே. ஷாருலும் அதில் ஒருத்தன். ஜாங்கோ கடை ஆறு. ஆறும் நல்ல கடை, ஆறும் ஒரு குறையும் சொல்லவில்லை. பழுது பார்க்க யாரைக் கூப்பிடுவீர்கள் என்றால் நாலு பேர் ரஜிதா என்றார்கள். மற்ற இரண்டு பேர் வேறொரு பேர் சொன்னார்கள். அந்த ஆளுக்கு மர்ஜானா போன் போட்டாள். அவன் சிங்கப்பூருக்குப் போய் வருஷம் ஒன்றாகிறதாம். "அந்த ரெண்டு கடையும் இப்ப ரஜிதாதான் பாத்துக்குது," என்றான்.

கையில் ஏழு சிவப்பு. ஒரே ஒரு பச்சை. அந்தப் பச்சையை விரலால் ஒரு தடவை இழுத்துவிட்டார். பிடித்த ஆளுக்கு எதிராகக் கணக்கு வந்தால் கணக்கைத் திருத்துகிறவன் உருப்பட மாட்டான். ரஜிதாவை வரச் சொன்னார்.

அவள் வந்து உட்கார்ந்ததும் சுற்றி வளைக்கவில்லை. கையை நீட்டினார். "இருவது கடை ஏறி எண்ணிட்டேன். லாராவெல்லுக்கு ஏழு கை. ஆறு கடை உன்னோடது. ஆறுக்கும் ஒரே கை. உன் கை. நாளைக்கு உன்ன ஒரு பஸ் அடிச்சுப் போட்டுச்சுன்னா ஆறு பேரும் நடுத்தெருவுல."

மர்ஜானா கண்ணை மூடிக்கொண்டாள். ரஜிதாவின் முகம் சிவந்தது.

"உங்களுக்காக நான் பஸ்ல அடிபட மாட்டேன் அங்கிள். உலகத்துல ஜாங்கோ தெரிஞ்சவங்க எத்தனை லட்சம் பேர் இருக்காங்க தெரியுமா?"

"உலகம் காலைல ஏழு மணிக்கு பாலம் தாண்டி வருமா?"

"வர வேணாம். எங்க இருந்தாலும் அங்கேர்ந்தே சரி பண்ணலாம். நீங்க எண்ணினது இருவது கடை. எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச கடை. ஒருத்தன் செஞ்சதப் பாத்து பக்கத்துக் கடைக்காரன் செஞ்சது. அத வச்சு ஜாங்கோ பிரபலம், லாராவெல் பிரபலம்னு பேச முடியாது. நீங்க எண்ணினது ஒரு தெரு. அவ்வளவுதான்."

அவள் சொன்னது சரி. அவருக்கே தெரியும். அதனால் இன்னும் அழுத்தமாகச் சொன்னார். "எனக்கு வேண்டியது ஒரு தெருதான். ஊர் பேர் தெரியாதவன்கிட்ட, முட்டை ஆர்டர் மீன்ல விழுதுனு நான் எந்தப் பாஷையில சொல்றது? பதினாலு பேரு இருக்காங்க உள்ள. மறுபடியும் ஒரு திங்கக்கிழம வந்தா அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? நியூசிலாந்தக் காட்டவா?"

ரஜிதா பையை எடுத்தாள். "அப்ப ஷாருலுக்குக் குடுங்க."

"தர மாட்டேன்."

"ஏன்?"

"அவன் சாமான்ல கெட்டதே இல்லங்கிறான். உன் வாயிலேர்ந்து கெட்டது வந்துச்சு. வேலைய நீதான் செய்யணும். ஆனா லாராவெல்லுல செய்."

அவள் எழுந்து நின்றாள். "ஆறு வருஷம் ஒரு அடுப்புல சமைச்சவள வேற அடுப்புல சமைங்கிறீங்க."

"நான் நாப்பது கல்யாணத்துல அடுத்தவன் அடுப்புல பிரியாணி போட்டிருக்கேன். திட்டிக்கிட்டே போட்டேன். பிரியாணி வந்துச்சு."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மர்ஜானா ஷாருலைக் கூப்பிடலாம் என்றாள். ஜூன் பிறந்து ஐந்து நாள் ஆகிவிட்டது என்றாள். ஹபீப் முகம்மது கேட்கவில்லை. "வருவா" என்றும் சொல்லவில்லை, "வர மாட்டா" என்றும் சொல்லவில்லை. ஷாருலைக் கூப்பிடாதே என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது.

"அங்கிள், லாராவெல் எனக்குத் தெரியாததில்ல. மொத வேலையில ரெண்டு வருஷம் அதுலதான் செஞ்சேன். பிடிக்காமதான் விட்டேன்."

"பிடிக்க வேணாம். செய்யத் தெரியணும்."

"தெரியும். ஆனா ஒரு கண்டிஷன். எது எங்க இருக்கு, எத எப்படித் திறக்கிறதுனு பக்கம் பக்கமா எழுதி வைப்பேன். எழுதுறத எந்தக் கடைக்காரரும் படிக்கிறதில்ல, மேசைக்கு அடியில போட்டுர்றாங்க. முன்ன பின்ன பாக்காத ஒருத்தர் அதப் படிச்சு, நான் கை வைக்காம, ஒரு மாத்தம் செஞ்சு காட்டணும். எனக்கும் தெரியணும், நான் எழுதினது ஒருத்தருக்கு விளங்குதானு."

ஹபீப் முகம்மது போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். அவர் கேட்க நினைத்ததை அவளே கேட்டுவிட்டாள். "அந்த ஆளு என் கையில இருக்கான்," என்றார்.

கிட்டத்தட்ட மூன்று வாரம் அவள் சமையல் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து வேலை செய்தாள். லாராவெல்லைத் திட்டியபடியேதான் செய்தாள். சின்னம்மாவின் வேகத்தைப் பார்த்து, ஆர்டர் அச்சாகி வரும் சீட்டின் எழுத்தைப் பெரிசாக்கினாள். ஆர்டர் வந்ததும் மேசைப் பக்கத்தில் இருக்கிற சின்ன இயந்திரம் சீட்டைத் துப்பும், சீட்டைப் பார்த்து ரப்பர் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஜூலை பிறக்க நாலு நாள் இருக்கையில், அன்றைய லாரி போன பிறகு சோதனை. ஏழு சிவப்பு ரப்பரில் கடைசி ரப்பரான ஹைக்கலைக் கூப்பிட்டிருந்தார். சிம்பாங் அம்பாட்டுக்காரன், ஆணிக்கடை சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன். மோட்டார் சைக்கிளில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு, "மாமா, என்ன உடைஞ்சிருக்கு?" என்றான்.

"ஒண்ணும் உடையல. 'குழம்பு தனி'னு ஒரு கட்டம் வேணும். பிறையில பாதிப்பேரு குழம்ப ஊத்திக் கட்டினா சோறு ஊறிப்போச்சுங்கறான். போன்ல அந்தக் கட்டத்தத் தட்டினா இங்க சீட்டுல வரணும். இந்தா, இதுதான் புத்தகம். இவங்கதான் செஞ்சவங்க. இவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாது."

ரஜிதாவின் போனை வாங்கி மேசையில் கவிழ்த்து, மேலே தன் தலையில் இருந்த கொப்பியாத் தொப்பியைக் கழற்றி வைத்தார். அவளுக்கு ஒரு தேத்தண்ணி சொன்னார்.

ஹைக்கல் படிக்க ஆரம்பித்தான். கால் மணி நேரம் ஓடியது. திடீரென்று தலையைத் தூக்கினான். "யாரு இத எழுதினது?"

ரஜிதா நிமிர்ந்தாள். ஹபீப் முகம்மது விரலைத் தூக்கினார், பேசாதே என்று.

"எல்லாம் இருக்கு," என்றான் ஹைக்கல். "கக்கூஸ் எங்கனு ஒண்ணுதான் எழுதல."

"கொல்லைப்பக்கம்," என்றாள் சின்னம்மா.

முக்கால் மணியில் கட்டம் வந்துவிட்டது. மர்ஜானா தன் போனில் ஒரு கோழி ஆர்டர் போட்டு, 'குழம்பு தனி'யைத் தட்டினாள். இயந்திரம் சீட்டைத் துப்பியது. சின்னம்மா எடுத்துப் பார்த்தாள். "கோழி ஒண்ணு. குழம்பப் பத்தி ஒண்ணும் இல்லியே."

இன்னொன்று போட்டார்கள். அதிலும் இல்லை. ஹைக்கல் தான் எழுதியதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். புத்தகத்தைப் புரட்டினான். போனில் கட்டம் இருக்கிறது, சீட்டில் இல்லை. ரஜிதாவுக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. அவள் கை தானாகக் கொப்பியாவின் பக்கம் போனது.

"கைய எடு," என்றார்.

"ஒரே ஒரு வரி அங்கிள். எழுத மறந்துட்டேன்."

"நீ நியூசிலாந்துல இருக்க. ஒனக்கு இங்க நடக்கறது தெரியாது."

மணி இரண்டானது. இரண்டேகாலும் ஆனது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் குறைந்து, சமைக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஹபீப் முகம்மது ஹைக்கலின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் தோற்றால் தன் கணக்கும் தோற்றது, ஏழு சிவப்பும் வெறும் ரப்பர். அந்தப் பெண்ணைப் பிடிக்காத அடுப்பில் நிறுத்தியதும் வீண். ஆனாலும் கொப்பியாவின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

ஹைக்கல் தன் போனை எடுத்தான். "மாமா, இவங்களத்தானே கேக்கக் கூடாது? வேற ஆளக் கேக்கலாம் இல்ல?"

"உலகத்துல யார வேணாலும் கேளு."

பிறையில் இருக்கிற ஒருத்தியைக் கூப்பிட்டான். எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தத்தைத் திறந்து வைத்தான். இரண்டு வாக்கியம்கூடச் சொல்லியிருக்க மாட்டான், அந்தப் பக்கம் பலமான சிரிப்பு.

"டேய் ஹைக்கல், சீட்டு அடிக்கிற புரோகிராம் ஒருத்தன் பின்னால தனியா ஓடிக்கிட்டிருக்கான். காலைல சொன்ன பாடத்தையே சொல்லிக்கிட்டிருக்கான். நீ புதுசா எழுதினது அவனுக்குத் தெரியாது. அவன நிறுத்தி மறுபடி எழுப்பு. எல்லாரும் ஒரு தடவ இதுல விழுந்தவங்கதான் லா!"

ஹைக்கல் ஒரு வரி தட்டினான். மர்ஜானா மறுபடி ஆர்டர் போட்டாள். இயந்திரம் கிர்ரென்றது. சின்னம்மா சீட்டைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கோழி ஒண்ணு. குழம்பு தனி."

கதவோரத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஹபீப் முகம்மது கொப்பியாவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனை ரஜிதாவிடம் நகர்த்தினார். அவள் போனைத் தொடவில்லை. முதலில் புத்தகத்தை இழுத்து, விட்டுப்போன வரியைப் பேனாவால் எழுதினாள்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று ஹைக்கலைக் கேட்டார்.

"ஜன்னத். உங்க லிஸ்ட்ல இருக்காங்களே மாமா, டயர் கடை."

இருந்தாள். மூணாவது சிவப்பு.

"பாத்தியா," என்றார் ரஜிதாவிடம். "ஒரு தெரு."

"பாத்தேன் அங்கிள். ஜாங்கோவுலயும் இப்படிக் கேட்டா சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க. எனக்கு அவங்க நம்பர் தெரியாது."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என்னோட மத்த ஆறு கடைக்கும் இதே மாதிரி எழுதி வைக்கப் போறேன். அப்புறம் ரெண்டு பேருக்கு ஜாங்கோ சொல்லித் தரணும். பஸ்ஸுக்குப் பயந்து இல்ல."

"பயந்தே செய்யி. தப்பில்ல."

அன்று சாயங்காலமே மர்ஜானா ரஜிதாவோடு சேர்த்து எட்டுப் பேருடைய பேரையும் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதிச் சீட்டு இயந்திரத்துக்கு மேலே ஒட்டினாள். ரஜிதா முதல் வரியில். ஹைக்கல், ஜன்னத், அப்படியே கீழே. எழுதும்போதே, ஷாருல் பேரை விட்டுவிடலாமா என்று கேட்டாள்.

"எதுக்கு விடணும்? கெட்டதே இல்லங்கிறவனும் ஒரு நாளைக்கு வேணும். கடைசியில போடு."

ஜூலை முதல் தேதி காலை ஆறே முக்காலுக்கு முதல் சீட்டு வந்தது. ஏழரைக்குள் அறுநூற்று நாற்பது வந்துவிட்டது, எழுபத்தெட்டில் 'குழம்பு தனி'. எட்டு அடிக்கும்போது இயந்திரம் ஓய்ந்தது. சின்னம்மா ரப்பர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"மொதலாளி, சிவப்பு கொஞ்சம் கொறையுது. கையில இருக்கறத எடுத்துக்கலாமா, இல்ல இதுவும் கணக்கா?"

அவர் ஏழையும் கழற்றினார். பச்சை ஒன்று மட்டும் மணிக்கட்டிலேயே இருந்தது. அவள் அதையும் பார்த்தாள்.

"அது இருக்கட்டும்," என்றார். "நாளைக்கு நான் பிறைக்குப் போறேன், எச்சில் வாளியப் பாக்கணும்."